செருப்புப் போடாத அம்மா: வன்னியில் ஒரு கால் புண்ணும் ஒரு நேர்த்தியும்

## பின்னணி

இந்த நிகழ்வு முல்லைத்தீவு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் விடுதியில் நடந்தது. நான் அப்போது அங்கே தாதிய உத்தியோகத்தராக வேலை செய்தேன். நோயாளியை இங்கே ‘அம்மா’ என்றே எழுதுகிறேன். விடுதியிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவரிடமும் மகளிடமும் கேட்டு, எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே வெளியிடுகிறேன்.

கலாசாரத்தை மதிக்கும் பராமரிப்பு என்றவுடன், வேற்று மதத்தவரோ வேற்று மொழிக்காரரோ விடுதிக்கு வரும்போது கவனிக்க வேண்டிய சங்கதி என்றுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். இந்த நிகழ்வில் நோயாளியும் தமிழ், விடுதியில் பெரும்பாலானோரும் தமிழ். எல்லோரும் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் என்றால் லீவு கேட்கிறவர்கள். அப்படியிருந்தும் அவருடைய வைத்தியத்துக்கு எது தடையாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியவே நாளானது.

அம்மாவுக்கு அறுபது வயதுக்குக் கிட்ட. கொஞ்சம் வயல், மேட்டுக் காணியில் கச்சான், வீட்டோடு ஏழெட்டுக் கோழி. நீரிழிவு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல். மெட்போர்மின், கிளிக்ளசைட் என்ற நீரிழிவு மாத்திரைகளை எடுத்துவந்தார். கிளினிக் கொப்பியில் நாலைந்து இடத்தில் ‘வரவில்லை’ என்று குறித்திருந்தது. 2009 இல் இடம்பெயர்ந்து, செட்டிக்குளத்து முகாமில் இருந்து, பிறகு ஊருக்குத் திரும்பிய குடும்பம். கணவர் இல்லை. மகளோடும் பேரனோடும் இருந்தார்.

இன்னும் இரண்டு விவரம் உண்டு. மூத்த மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மாவின் தம்பி அதே வருடத்தின் தொடக்கத்தில் ஷெல் காயத்தில் ஒரு காலை இழந்தவர். தற்காலிக வைத்தியசாலை ஒன்றில், மயக்க மருந்து போதாத நிலையில், அவருடைய காலை எடுத்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அம்மாதான். முதல் அனுமதியின் பதிவேட்டில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

## முதல் அனுமதி: கண்டதும் எழுதியதும்

மாசி மாதக் கடைசியில் வந்தார். இடது காலின் அடியில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு புண். சுற்றிவரத் தடித்த காய்ப்பு. தோலையும் அதற்குக் கீழுள்ள கொழுப்பையும் கடந்திருந்தது, எலும்பைத் தொடவில்லை. நீரிழிவுக் கால் புண்ணின் ஆழத்தைத் தரம் பிரிக்கும் வாக்னர் வகைப்பாட்டில் இரண்டாம் தரம். பாதத்து நாடி நன்றாக ஓடியது. பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலோன் இழையால் தொட்டுப் பார்த்தபோது, இரண்டு பாதங்களிலும் பெரும்பாலான இடங்களில் “படேல்லை” என்றார். கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.4%.

இப்படியான புண் இரத்த ஓட்டம் குறைந்து வருவதில்லை, உணர்வு குறைந்து வருகிறது. குத்துவது தெரியாது, சுடுவது தெரியாது. நடக்கும்போது ஒரே இடத்தில் பாரம் விழுந்து தோல் காய்க்கும். காய்ப்புக்குக் கீழே சதை நசிந்து உடையும். மருந்தும் கட்டும் தேவைதான். ஆனால் அந்த இடத்தில் பாரம் விழுவதை நிறுத்தாவிட்டால் எந்த மருந்து போட்டும் ஆறாது. ஆகவே சிறப்புச் செருப்புக்கு எழுதிக் கொடுத்தோம். வந்த செருப்பை அம்மா வாங்கி, பொலித்தீன் பையோடு கட்டிலுக்குக் கீழே வைத்தார். மலசலகூடத்துக்கு வெறுங்காலோடு, கட்டை ஈரமாக்கிக்கொண்டு போய் வந்தார்.

சுகாதாரக் கல்வி கொடுத்தோம். திரும்பவும் கொடுத்தோம். பாதம் காட்டும் படத்தாளை வைத்து மூன்றாவது முறை விளக்கப்போன மாணவத் தாதியிடம் அம்மாவே எல்லாவற்றையும் ஒப்புவித்தார்: விரலிடுக்கைத் துடைக்க வேணும், நகத்தை நேராக வெட்ட வேணும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஒன்றும் பிழையில்லை. பதிவேட்டில் ‘விளக்கம் அளிக்கப்பட்டது, நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஏறியது.

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் டொறோதியா ஒறெம் 1971 இல் வெளியிட்ட தன்பராமரிப்புக் கோட்பாட்டைத்தான் எங்கள் விடுதி, பெயர் சொல்லாமலே, நாளாந்தம் பாவிக்கிறது. நோயாளியால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத இடத்தைக் கண்டுபிடித்து, முழுதாகச் செய்து கொடுப்பதா, பாதி செய்வதா, சொல்லிக் கொடுத்தால் போதுமா என்று முடிவெடுப்பது அதன் வழி. நல்ல கோட்பாடு. எங்கள் கையில் அது ‘தெரியாது, ஆகவே சொல்லிக்கொடு’ என்று சுருங்கியிருந்தது. தெரிந்துகொண்டே ஒருவர் செய்யாமல் இருந்தால் அடுத்த கேள்வி என்ன என்பதை யாரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது. காலையில் இன்சுலின் போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாட்டை அம்மா பக்கத்துக் கட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மணியளவில் வியர்த்து, கை நடுங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குருதிக் குளுக்கோஸ் 52 (டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்; இங்கே வரும் மற்ற எண்களும் அப்படியே). மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பப் பார்த்தோம், ஏறிவிட்டது. ‘ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை’ என்பது அன்றைய குறிப்பு. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஒருநேரம்தான் சாப்பிடுகிறவர் என்பது பின்னால் தெரியவந்தது. விடுதியிலேயே வெள்ளி விரதக்காரர் மூன்று பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து.

அடுத்த நாள் வைத்தியக் குழு கட்டிலருகில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது. புண் ஆறாமல் கிருமி உள்ளே போனால் என்னென்ன வரலாம் என்ற வழமையான பேச்சு. ‘அம்பியூட்டேஷன்’ என்ற ஒரு சொல் அதில் வந்தது. இங்கிலீசில் அம்மாவுக்கு அதிகம் தெரியாது. அந்தச் சொல் தெரியும். பின்னேரமே மகளைக் கூப்பிட்டு, வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறுவதற்கான படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். செருப்புப் பை கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது.

## இரண்டாவது அனுமதி: மஞ்சள் நூல்

சித்திரை நடுப்பகுதியில் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். புண் அகன்று, நாற்றத்தோடு சீழ் வடிந்தது. புறங்கால் சிவந்து வீங்கியிருந்தது. வீட்டில் வேப்பிலை அவித்த தண்ணீரில் காலை ஊறவைத்து, மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார்கள். தண்ணீரின் சூடு அவருக்குத் தெரியவில்லை. கணுக்காலுக்குக் கீழே ஒரு பக்கம் தோல் வெந்து உரிந்திருந்தது.

நாளத்தின் வழியே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கி, அடுத்த நாள் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அழுகிய சதையை எடுப்பதென்று முடிவானது. எக்ஸ்ரேயில் எலும்பு பாதித்ததற்கான அடையாளம் இல்லை. கூடத்துக்கு அனுப்பும் முன் நகை, ஊசி, நூல் எல்லாம் கழற்றுவது வழக்கம். அம்மாவின் கையில் மஞ்சள் துண்டு கட்டிய நூல் ஒன்று இருந்தது. கத்தரிக்கோலோடு போனவர் எங்கள் விடுதியின் சிங்களத் தாதி. தென்பகுதியிலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர். தமிழ் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். அம்மா கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

அவர் கத்தரிக்கோலை ட்ரேயில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தன் மணிக்கட்டைக் காட்டினார். அவர் கையிலும் ஒரு நூல் இருந்தது, பௌத்தர்களின் பிரித் ஓதிக் கட்டிய வெள்ளை நூல். “அம்மா, இது என்ட அம்மா கட்டினது. இது உங்கட? ஏன் கட்டினது?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். எங்களில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. காப்பு நூல் எங்களுக்குத் தெரிந்த சாமான். அதில் கேட்க என்ன இருக்கிறது.

அம்மா சொல்லத் தொடங்கினார். விளங்காத இடத்தில் பக்கத்தில் நின்ற சிற்றூழியர் அக்கா விளக்கினார். நான் ட்ரொலியோடு நின்று கேட்டேன்.

“மோன் வாற நாள் மட்டும் செருப்புப் போடமாட்டன் எண்டு அம்மாளுக்குச் சொல்லிப்போட்டன் பிள்ளை. வருசா வருசம் பொங்கலுக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறன். சட்டி எடுக்கிற அண்டைக்குப் பச்சத்தண்ணியும் குடியன், பால் இளநி மட்டும். நான் செருப்பப் போட்டா, அவன் வரமாட்டான் எண்டு நானே முடிவுகட்டின மாதிரி.”

பிறகு தம்பியின் கதை வந்தது. முதல் முறை ஏன் எழுந்து போனார் என்பதும் அதோடு வந்தது. கிளினிக் வராத நாட்களில் இரண்டு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடிய இடங்களுக்குப் போன நாட்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகள் தெருவோரம் குந்தத் தொடங்கிய காலம் முதல் அவர் அங்கும் போய்வருகிறவர்.

நூலை வெட்டவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் கேட்டோம். துடைத்து, ஒட்டுநாடாவால் மூடி விட்டால் போதும் என்றார்கள்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

காய்ச்சல் இறங்கிய பிறகு, விடுதிப் பொறுப்புச் சிஸ்டர், வைத்தியர், சிங்களத் தாதி, நான், சிற்றூழியர் அக்கா, அம்மாவின் மகள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் ஒரு யோசனை வந்தது: யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்லி, மகன் இனி வருவார் என்ற எண்ணத்திலிருந்து அம்மாவை வெளியே கொண்டுவந்தால் செருப்புப் பிரச்சினை தானாகத் தீரும் என்று. அதை அப்போதே கைவிட்டோம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாத இழப்பைப் போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் ‘தெளிவற்ற இழப்பு’ என்கிறார். முடிவு தெரியாதவரை முடிவை ஏற்கச் சொல்வது உதவியல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. கோட்பாடு இல்லாவிட்டாலும் வன்னியில் வேலை செய்கிற ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மகனைப் பற்றி நாங்கள் எதையும் உறுதிப்படுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை என்று தீர்மானித்தோம். அவர் விரும்பினால் மனநலப் பிரிவு உத்தியோகத்தரோடு பேச ஏற்பாடு செய்வதென்றும் முடிவானது. விரும்பினார், ஆனால் அது காலோடு கட்டிய நிபந்தனையாக இருக்கவில்லை.

அப்புறம் மடலின் லெய்னிங்கரை எடுத்தோம். தாதியர் கல்லூரியில் சோதனைக்குப் படித்து மறந்த பெயர். தாதியாக இருந்து மானிடவியல் படித்தவர். 1960களில் பப்புவா நியூகினியின் கட்சப் மக்களோடு வாழ்ந்து ஆய்வு செய்தவர். அவருடைய கலாசாரப் பராமரிப்புக் கோட்பாட்டில் எனக்குப் பிரயோசனமாகப் பட்டது, அந்தக் கோட்பாட்டைச் சுருக்கிக் காட்டும் சூரிய உதயப் படமல்ல. அதை மனப்பாடம் செய்துதான் நான் சித்தியடைந்தேன். நோயாளியின் வழக்கத்தை மூன்றில் ஒரு விதமாகக் கையாளலாம் என்று அவர் சொன்னதுதான் உதவியது: அப்படியே காப்பது, இரு பக்கமும் பேசி இணங்குவது, கெடுதல் தருவதை அவரோடு சேர்ந்து மாற்றியமைப்பது. அம்மாவின் வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த வகை என்று பார்த்தோம்.

காப்பு நூல், தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து, திங்களும் வெள்ளியும் மச்சம் இல்லாத சாப்பாடு: இவை எதையும் தொடத் தேவையில்லை.

சுடுதண்ணீரில் கால் ஊறவைப்பது மாற வேண்டியது. இதில் அம்மாவோடு வாக்குவாதமே வரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீரை முழங்கையால் பார்ப்பது அவர் தன் பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் செய்தது. தன் காலுக்கும் இனி மகளின் முழங்கையால் பார்ப்பது, ஊறவைக்காமல் கழுவித் துடைப்பது, மஞ்சளைப் புண்ணுக்குள் போடாமல் விடுவது என்று அவரே சொல்லி முடித்தார். வேப்பந்தண்ணீரை ஆறவைத்து மேலுக்கு ஊற்றிக் குளிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

செருப்பு பெரிய விஷயம். அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் க்ளைன்மனும் சகாக்களும் 1978 இல் முன்வைத்த கேள்விகள் இருக்கின்றன: இந்த நோய் ஏன் வந்ததென்று நினைக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், என்ன வைத்தியம் வேண்டுமென்று நினைக்கிறீர்கள் என்ற வகை. கடைசிக் கேள்வியை அம்மாவிடம் அப்படியே கேட்டோம். கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “செருப்புத்தானே போடமாட்டன் எண்டனான். நீங்கள் இதப் பெரிசாக் கட்டிவிடுங்கோவன். கட்டு செருப்பில்லைத்தானே.”

வைத்தியர் சிரித்துவிட்டார், சந்தோஷத்தில். நரம்புணர்வு இழந்த கால் புண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே முழுவதும் ஒட்டிப் போடும், கழற்ற முடியாத பிளாஸ்டர் கட்டு செருப்பைவிடச் சிறந்தது என்பது நிறுவப்பட்ட விஷயம். பாரம் பாதமெங்கும், கெண்டைக்காலுக்கும் பரவிப் போகிறது; நோயாளி நினைத்தாலும் கழற்ற முடியாது. இது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. 1930களில் இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல் தொழுநோயாளரின் பாதப் புண்ணுக்கு இந்த முறையைக் கையாண்டார். பின்னாளில் தொழுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். எங்கள் வைத்தியசாலையில் அதுவரை யாரும் போட்டதில்லை. கிருமித்தொற்று இருக்கும்போதும் இரத்த ஓட்டம் குறைந்த காலிலும் போடக் கூடாது என்பதால், தொற்று முற்றாகத் தணியக் காத்திருந்தோம். பெரிய வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்கில் முதல் கட்டைப் போட்டார்கள். எங்கள் வைத்தியரும் பிளாஸ்டர் அறை ஊழியரும் கூடப்போய்ப் பார்த்துப் பழகிவந்தார்கள்.

யோசனை அம்மாவுடையதுதான் என்றாலும் அவருக்கே ஒரு தயக்கம் இருந்தது. அது நேர்த்தியை ஏமாற்றுவதாகாதா? இதற்கு விடை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. அவர் ஊர் அம்மன் கோயில் பூசாரியாரை மகள் கூட்டிவந்தார். கட்டிலருகில் நின்று அவர் கேட்டது இரண்டே கேள்வி.

“நேர்த்தி வைக்கேக்க என்ன பிள்ளை சொன்னனீ?”

“செருப்புப் போடன் எண்டு.”

“மருந்து கட்டன் எண்டு சொன்னனியோ?”

அம்மா தலையாட்டினார், இல்லையென்று. பூசாரியார் திருநீறு பூசிவிட்டுப் போனார். புண்ணோடு கோயில் வீதிக்குப் போகலாமோ என்று அம்மா கேட்டதற்கு, வடியாமல் மூடியிருந்தால் போகலாம் என்றும் சொன்னார். எங்கள் விளக்கங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஐந்து நிமிடம் செய்தது.

விரதம் இருக்க வேண்டாம் என்று வைத்தியர் நேரடியாகச் சொன்னார். ஆறாத புண், கட்டுப்படாத சீனி, இன்சுலின் ஊசி மூன்றும் உள்ளவருக்கு அது ஆபத்து. அம்மா கேட்டுக்கொண்டார். இருக்கத்தான் போகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் அனுமதியில் அவருக்குச் சீனி இறங்கியது விரதத்தால் மட்டுமல்ல. அவர் விரதம் என்று தெரியாமல் நாங்கள் முழு அளவு ஊசி போட்டதாலும்தான். ஒளித்திருக்கும் விரதத்தைவிடத் தெரிந்த விரதம் பாதுகாப்பானது என்ற முடிவுக்கு வந்தோம்.

வழி எங்கள் கையிலேயே இருந்தது. றம்ழான் வருமுன் மாவட்டத்து முஸ்லிம் நோயாளர்கள் கிளினிக்குக்கு வந்து நோன்பு பற்றிச் சொல்வார்கள். வைத்தியர் மாத்திரை நேரத்தையும் ஊசி அளவையும் மாற்றி எழுதுவார். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2016 இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டு, 2021 இல் புதுப்பித்தது. குளுக்கோஸ் 70 இற்குக் கீழே போனாலோ 300 இற்கு மேலே ஏறினாலோ நோன்பை முறிக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. அதே வாட்டில், அதே மேசையில் நோன்புக்கு ஒழுங்கு செய்து கொடுத்துக்கொண்டு, விரதக்காரருக்கு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவந்திருக்கிறோம். அந்த விதியையே அம்மாவின் பொங்கல் நாளுக்கும் எடுத்தோம். ஊசி அளவை வைத்தியர் குறைத்து எழுதினார். ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அதை இங்கே தரவில்லை. பாலும் இளநீரும் விரதத்துக்குள் அடங்கியிருந்தது நல்ல வசதி. 70 இற்குக் கீழே போனால் சீனித் தண்ணீர், அத்தோடு விரதம் முடிவு. இதற்கு அம்மா ஒத்துக்கொண்டது எங்களுக்காக அல்ல, “மயங்கி விழுந்தா சட்டி கவுண்டுபோம்” என்பதற்காக.

## பொங்கல் நாள்

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை. நந்திக்கடல் ஓரத்துக் கோயில். அந்த மாதத்தில் மத்தியான மணலில் செருப்பில்லாமல் நிற்பது நல்ல காலுக்கே கஷ்டம். உணர்வில்லாத காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. இடது கால் கட்டுக்குள் இருந்தது. எங்களுக்குப் பயம் வலது காலில்தான்.

ஆகவே வழமைபோல ஊரிலிருந்து நடக்காமல் ஓட்டோவில் போவது, பொழுது பட்டு மணல் ஆறிய பிறகே இறங்குவது, வீதியைச் சுற்றாமல் வாசலிலிருந்து முன்றல் வரை மட்டும் சட்டி ஏந்துவது என்று பேசினோம். கடைசி விஷயத்துக்கு அம்மா லேசில் இணங்கவில்லை. ஒரு சுற்றாவது வர வேண்டும் என்றார். சுற்று மகள் வருவது, அம்மா முன்றலில் நின்று வாங்கிக் கொடுப்பது என்று அவர்கள் வீட்டிலேயே பேசி முடித்தார்கள். சனிக்கிழமை பிளாஸ்டரைக் கழற்றிப் புண்ணைப் பார்த்துப் புதிதாகப் போட்டோம்.

மகள் குளுக்கோமீற்றரில் பார்த்துக் கொப்பியில் எழுதிவந்த எண்கள்: காலையில் 146, மத்தியானம் 118, நாலு மணிக்கு 84. அப்போது ஒரு இளநீரும் அரைத் தம்ளர் பாலும். ஏழு மணிக்கு 112. பொங்கல் சாப்பிட்ட அடுத்த நாட் காலை 241, எதிர்பார்த்ததுதான். வீட்டுக்கு வந்ததும் மகள் போன் வெளிச்சத்தில் வலது பாதத்தை விரலிடுக்கு உட்படக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு நெருஞ்சி முள் குத்தி நின்றது, அம்மாவுக்குத் தெரியவேயில்லை. எடுத்துத் துடைத்துவிட்டு, காலையில் கொண்டுவந்து காட்டினார்கள்.

## அதன் பின்

பிளாஸ்டரை வாராவாரம் மாற்றினோம். ஒருமுறை கட்டின் மேல்விளிம்பு உரசிக் கெண்டைக்காலில் தோல் சிவந்தது. பஞ்சு கூட்டிச் சரிசெய்தோம். ஆடி முடியுமுன் புண் மூடிவிட்டது. எச்பிஏ1சி அடுத்த சோதனையில் 8.1%. கிளினிக் திகதிகளைக் கொடுக்கும் முன், உறவுகள் கூடும் நாட்களையும் பிரதேச செயலக அலுவல்களையும் அம்மாவிடம் கேட்டுக் குறித்தோம். பிறகு தவறாமல் வந்தார்.

புண் மூடியது வெற்றிதான், முழு வெற்றி என்று எழுத முடியாது. ஒருமுறை புண் வந்த கால் மறுபடியும் உடைவது வழமை. அதைத் தடுப்பதில் செருப்பே முதலாவது. பிளாஸ்டரைக் கழற்றிய அன்றைக்கே அம்மா வெறுங்காலுக்குத் திரும்பிவிட்டார். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் பழகிய ஒருவர், தம்பியின் காலுக்குச் செய்து கொடுத்தவர், மென்றப்பரை வெட்டி, துணியால் கணுக்காலில் சுற்றிக் கட்டும் ஒரு மெத்தை செய்து தந்தார். வீட்டிலும் வளவிலும் அம்மா அதைக் கட்டுகிறார். வயலுக்கு ஈரம் என்று கட்டுவதில்லை. வயல் வேலையை மகள் முக்கால்வாசி எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அதே இடத்தில் சிறு கொப்புளம் வந்தது. அது அம்மாவின் கண்ணில் பட்ட அன்றே விடுதிக்கு வந்தார், யாரும் கூப்பிடாமல். வெளிநோயாளராகவே வைத்துக் குணப்படுத்தினோம்.

## இனி மாற வேண்டியவை

அனுமதிப் படிவத்தின் பின்பக்கத்தில் மூன்று கேள்வியைச் சேர்த்தோம். விரதம், நேர்த்தி, நோன்பு ஏதும் இருக்கிறதா, எந்தெந்த நாள்? வீட்டில் என்ன வைத்தியம் செய்தீர்கள்? இந்த வைத்தியத்தில் எதற்குப் பயப்படுகிறீர்கள்? மூன்றாவது கேள்வி முதல் அனுமதியில் இருந்திருந்தால் தம்பியின் கதை அன்றைக்கே வந்திருக்கும். காலை எடுப்பது பற்றிய பேச்சு கட்டிலருகில் தமிழில், நோயாளியோடுதான் நடக்க வேண்டும் என்பதும், எது வரையில் காலைக் காப்பாற்றலாம் என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்பதும் இப்போது விடுதி நடைமுறை. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிறவர் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் ‘கேட்கவில்லை’ என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதி சிஸ்டருடையது. ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

லெய்னிங்கரின் மூன்று வழிகள் வேலை செய்தன. ஆனால் அவரை மட்டும் வைத்துக்கொண்டால், கலாசாரம் என்பது நோயாளியிடம் இருக்கும் ஏதோ ஒன்று, தாதி அதைக் கண்டுபிடித்துப் பட்டியலிட வேண்டும் என்ற எண்ணம் வரலாம். நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹபெட்டி ராம்ஸ்டன் முன்வைத்த ‘கலாசாரப் பாதுகாப்பு’ இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறது. தாதி முதலில் தன் பழக்கத்தையும் தன் அதிகாரத்தையும் பார்க்க வேண்டும். பராமரிப்புப் பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் அதைப் பெற்றவர். அந்த நாட்டுத் தாதியர் பேரவை 1992 இல் இதைப் பயிற்சியில் சேர்த்தது. எங்கள் விடுதியில் பார்க்க வேண்டியிருந்தது அம்மாவின் விரதத்தை அல்ல, எங்கள் மூவரின் விரதத்தை. நாங்கள் வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் டியூட்டி பார்த்துக்கொண்டு, அதை நோயாளிக்கும் இருக்கக்கூடிய ஒன்றாக எண்ணவில்லை.

புதிய கேள்விகள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை மாதாமாதம் பார்க்கிறோம். சிங்களத் தாதி வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார்; அவர் நிரப்பிய படிவங்களில் மூன்று பதிலும் இருக்கும், எழுத்துப் பிழையோடு. முஸ்லிம் நோயாளர்களுக்கு எல்லோருமே நிரப்புகிறார்கள். இந்து, கிறிஸ்தவத் தமிழ் நோயாளர்களின் படிவத்தில்தான் முதல் கேள்வி அடிக்கடி வெறுமையாக வருகிறது. விசாரித்தால் “எங்கட ஆக்கள்தானே” என்கிறார்கள். இப்போதைக்கு அப்படி வெறுமையாக வரும் படிவத்தைச் சிஸ்டர் திருப்பிக் கொடுத்து, கட்டிலருகே போய்க் கேட்டு எழுதிவரச் சொல்கிறார்.